யாகிமா கனட்: முரட்டுக் குதிரை முதல் ரதப் போட்டி வரை

சேணம்

ஈனோஸ் எட்வர்ட் கனட் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. யாகிமா கனட் என்றால் பழைய கௌபாய் படங்களை விரும்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1895-இல் வாஷிங்டன் மாநிலத்தில் கோல்ஃபாக்ஸ் ஊர்ப்பக்கம் பிறந்தவர். யாகிமா அவர் ஊரே இல்லை. 1914-இல் பெண்டில்டன் ரவுண்டப் என்ற ரோடியோவில் (கௌபாய்களின் குதிரை, மாட்டு விளையாட்டுப் போட்டி) எடுத்த ஒரு படத்தின் கீழே பத்திரிகைக்காரர்கள் ஊர்ப்பெயரைத் தவறாகப் போட்டுவிட்டார்கள். அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண்டில்டனில் 1917, 1919, 1920, 1923 என நான்கு முறை ஒட்டுமொத்த சாம்பியன். பிறகு மௌனப்படக் கதாநாயகன். பேசும் படம் வந்ததும் அவருடைய கரகரத்த குரல் எடுபடாமல் ஸ்டண்ட் பக்கம் போனார். வரலாறு இவ்வளவு போதும். அவர் செய்த ஒவ்வொரு வேலையும் எப்படி நடக்கிறது, எங்கே கெடுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்கு மேலேயும் எழுதுகிறவரின் புனைபெயர் இருக்கட்டும். முரட்டுக் குதிரையில் நான் தொடங்குகிறேன்.

சேணம் போட்ட முரட்டுக் குதிரையை ஓட்டும் போட்டியில் குதிரைக்கு வாயில் இரும்பு கிடையாது. தலையில் ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து வரும் ஒரே ஒரு முறுக்குக் கயிறு, அவ்வளவுதான். சேணத்தில் முன்கொம்பும் இருக்காது. கயிற்றை ஒரு கையில் பிடிக்கலாம், மறு கை காற்றில் இருக்க வேண்டும். அந்தக் கை குதிரையையோ சேணத்தையோ தன் உடம்பையோ தொட்டால் ஆட்டம் செல்லாது.

முழு ஆட்டமும் கயிற்றை எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. கயிற்றைச் சேணத்தின் முன்மேட்டுக்கு மேலாக இழுத்து வைத்து, மேட்டின் பின்விளிம்பிலிருந்து ஒரு முஷ்டியும் நீட்டிய கட்டைவிரலும் அளந்து பிடிப்பது வழக்கம். தலையை மிகவும் கீழே போடும் குதிரைக்கு இன்னும் கொஞ்சம் விட வேண்டும். தலையை நிமிர்த்தி வைத்துக் குதிக்கும் குதிரைக்குக் குறைக்க வேண்டும். அளவு குறைந்தால் குதிரை தலையைக் கீழே போடும் முதல் குதியிலேயே ஆள் அதன் கழுத்துக்கு மேல் இழுபட்டு முன்னால் போய் விழுவார். அளவு கூடினால் கயிறு தொங்கும், தூக்கிப் பிடிக்க எதுவும் இருக்காது, பின்பக்கமாகச் சரிவார். குதிரையைப் பார்த்தவுடன் இந்த அளவைச் சொல்லத் தெரிந்தவரே நல்ல ஓட்டுநர். அதனால்தான் இன்றும் ஒருவருக்குக் குலுக்கலில் புதுக் குதிரை விழுந்தால், முன்பு அதில் ஏறியவரிடம் போய் "எவ்வளவு கயிறு கொடுத்தாய்?" என்று கேட்பார்.

கால் வேலை தாளம் மாதிரி. குதிரையின் முன்னங்கால் தரையில் படும்போது ஓட்டுபவரின் பாதம் அதன் தோளுக்கு நேராக முன்னால் இருக்க வேண்டும். குதிரை எழும்பும்போது பாதம் பின்னால் வளைந்து சேணத்தின் பின்மேட்டை நோக்கிப் போக வேண்டும். முதல் குதியிலேயே பாதம் தோளுக்கு மேல் இல்லையென்றால் மதிப்பெண்ணே கிடையாது. இன்று 8 வினாடி விழாமல் தாங்க வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் பாதி குதிரைக்கு, பாதி ஆளுக்கு. கனட் இறங்கிய காலத்தில் இன்றுபோல் குதிரையைத் திறந்துவிடும் கூண்டுக் கதவு கிடையாது. திறந்த மைதானத்தில் குதிரையின் கண்ணைக் கட்டி, இன்னொரு குதிரையோடு நெருக்கிப் பிடித்துச் சேணம் ஏற்றி, ஆள் ஏறியதும் கட்டை அவிழ்த்து விடுவார்கள்.

குதிரையின் விதைப்பையைக் கட்டித்தான் குதிக்க வைக்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. குதிரையைக் குதிக்க வைக்கக் கட்டும் வார் போவது பின்தொடைக்கு முன்னால், அடிவயிற்றைச் சுற்றி. உள்பக்கம் ஆட்டுத்தோல் மெத்தை இருக்கும், ஒரே இழுப்பில் கழன்றுவிடும். பெட்டைக் குதிரைகளும் இதே வாரோடுதான் குதிக்கின்றன.

கொம்புப்பிடி

கனட் காளை மடக்குவதிலும் கைதேர்ந்தவர். பின்னாளில் ஓடும் வண்டியில் பாய்வதற்கு அடிப்படை இதில்தான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் பில் பிக்கெட், டெக்சாஸைச் சேர்ந்த கறுப்பின கௌபாய். ஓடும் மாட்டின் மேல் பாய்ந்து கொம்பைத் திருகி, மேலுதட்டைப் பல்லால் கவ்விச் சாய்ப்பார். வேட்டை நாய் மாட்டைப் பிடிப்பதைப் பார்த்துக் கற்றதாகச் சொல்வார்கள். பின்னால் வந்தவர்கள் கடிப்பதை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள்.

மாட்டுக்கு இரண்டு பக்கமும் குதிரை ஓடும். இடப்பக்கம் பாய்கிறவர், வலப்பக்கம் மாடு விலகிப் போகாமல் அணைத்துக்கொண்டு வரும் துணையாள். பாய்கிறவர் தன் குதிரையின் வலப்பக்கம் சரிந்து, வலக்கை முழங்கை மடிப்புக்குள் மாட்டின் வலக்கொம்பை வாங்குவார். இடக்கை இடக்கொம்பில். இந்த நேரத்தில் அவருடைய இடக்கால் இன்னும் அங்கவடியில்தான் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) இருக்கும். குதிரை அவரைக் கடந்து முன்னால் போகும்போது கால் தானாக உருவி வர வேண்டும். உருவி வரும் இரண்டு குதிகாலும் மாட்டுக்கு முன்னால், சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து மண்ணில் ஊன்ற வேண்டும். பிறகு இடக்கை மூக்குக்குப் போகும், தலை திரும்பும், மாடு சாயும். நான்கு காலும் ஒரே பக்கம் நீட்டியபடி கிடந்தால்தான் நேரம் கணக்கு.

தவறு எப்போதும் இரண்டு இடத்தில் வரும். அவசரப்பட்டுக் கொம்புக்கு முன்னால் விழுந்தால் மாடு மேலே ஏறிப் போகும். தயங்கித் தோளில் விழுந்தால் கொம்பு கைக்கு எட்டாது, ஆள் தரையில் உருளுவார். துணையாள் அரைக் குதிரை நீளம் பின்தங்கினாலும் மாடு வலப்பக்கம் விலகிவிடும், பாய்கிறவர் வெறும் காற்றில் இறங்குவார். துணையாளுக்குக் கைதட்டல் விழாது. ஆனால் பரிசுப் பணத்தில் பங்கு உண்டு, அது நியாயமும்கூட.

பழைய சுருள்

1939-இல் வந்த ஸ்டேஜ்கோச் படத்தின் துரத்தல் காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தால், மேலே சொன்ன காளை மடக்கல் அப்படியே தெரியும்.

பயண வண்டியை இழுப்பது ஆறு குதிரை, மூன்று ஜோடி. வண்டியைத் துரத்தும் அபாச்சே பழங்குடி வீரன் வேடத்தில் கனட் தன் குதிரையை முன்ஜோடிக்கு இணையாகக் கொண்டுவந்து அதன் மேல் பாய்கிறார். சுடப்படுகிறார். இரண்டு குதிரைக்கும் நடுவே கீழே இறங்கி, ஜோடிகளுக்கு இடையில் ஓடும் மரத்தைப் பிடித்துத் தொங்கியபடி மல்லாந்து இழுபடுகிறார். பிறகு கையை விடுகிறார். மீதி இரண்டு ஜோடியும் முழு வண்டியும் அவருக்கு மேலே கடந்து போகின்றன.

இதில் கணக்குகள் உண்டு. முதல் கணக்கு வேகம். பார்க்கிறவர் மெதுவாக ஓட்டினால் ஆபத்து குறையும் என்று நினைப்பார். குதிரை விஷயத்தில் அது தலைகீழ். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் ஜோடி ஒரே கோட்டில் ஓடும். மெதுவாக ஓடும் குதிரை காலடியில் கிடப்பதைப் பார்க்கும், மிரளும், பக்கவாட்டில் நகரும். நகர்ந்தால் குளம்பு நடுவழிக்குள் வரும். அதனால் வண்டியோட்டி வேகத்தைக் குறைக்கவே கூடாது.

இரண்டாவது, ஜோடிக்குள் இடைவெளி. இரண்டு குதிரையையும் ஒட்டிப் பூட்டியிருந்தால் ஆள் இறங்கவே இடம் கிடையாது. பூட்டும் குறுக்குக் கட்டையை அகலமாகச் செய்துகொள்ள வேண்டும். அகலம் கூடினால் குதிரைகள் வெளிப்பக்கம் இழுக்க ஆரம்பிக்கும் என்பதால், ஒன்றாக ஓடிப் பழகிய ஜோடியாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உயரம். அந்தக் காலத்துப் பயண வண்டிகளில் முன்சக்கரம் ஏறக்குறைய 4 அடி. சக்கரத்தின் மையத்தில்தான் அச்சு என்பதால் அது தரையிலிருந்து 2 அடிக்குள் இருக்கும். மல்லாந்து கிடப்பவரின் மார்பு உயரம் முக்கால் அடிக்கு மேல் போகும். மீதி இருப்பது ஓரடிக்கும் சற்று அதிகம். வண்டிக் கூடு இரும்பு வில்லில் உட்காரவில்லை, தடித்த தோல் வார்களில் தொங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் கூடு தாழ்ந்து ஆடும். ஆகவே ஆளை விடும் இடத்தில் கல்லோ குழியோ இல்லாமல் முன்னதாகவே நடந்து பார்த்துவிட வேண்டும்.

கடைசியில் உடம்பு. கையை விடும் முன்பே கால் இரண்டும் சேர்ந்து நேராக இருக்க வேண்டும். விட்டதும் முழங்கை விலாவோடு ஒட்ட வேண்டும். தலையைத் தூக்கி எங்கே வந்திருக்கிறோம் என்று பார்க்க ஆசை வரும். அந்த ஆசைதான் ஆளைக் கொல்லும். கையை ஒன்றன்பின் ஒன்றாக விட்டாலும் உடம்பு சுழன்று குறுக்கே திரும்பிவிடும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் விட வேண்டும்.

படிக்கட்டு

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு சிறு சேர்க்கை. வண்டிக்கு அடியிலேயே ஊர்ந்து போய்ப் பின்பக்க அச்சைப் பிடித்து மறுபடி மேலே ஏறும் நீண்ட வடிவம் ஸ்டேஜ்கோச்சில் இல்லை. அதைக் கனட் தொடர்படங்களில் (பகுதி பகுதியாகத் திரையிட்ட படங்கள்) செய்தார். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 1981-இல் ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க் படத்தில் ஸ்டண்ட்காரர் டெரி லியோனார்ட் லாரிக்கு அடியில் இழுபட்டது இந்த நீண்ட வடிவத்துக்குச் செய்த மரியாதை. அதற்குச் சாலை நடுவே நீளமாகப் பள்ளம் வெட்டினார்கள். கேமராவை மெதுவாக ஓட்டிப் படம்பிடித்ததால் திரையில் லாரி வேகமாகத் தெரியும். லாரி மிரளாது, ஆகவே மெதுவாக ஓட்டலாம். குதிரைக்கு அந்த வசதி இல்லை.

லாயம்

குதிரைகளின் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

1930-களில் குதிரையை விழவைக்க ஓடுகம்பி என்ற கொடுமையான முறை இருந்தது. குதிரையின் இரண்டு முன்கால் கணுவிலும் தோல் பட்டை, அதில் மெல்லிய கம்பி, கம்பி வயிற்றுவாரில் உள்ள வளையம் வழியாகப் பின்னால் போய் மண்ணில் புதைத்த கனமான கட்டையில் முடியும். குதிரை பாய்ச்சலில் போகும், கம்பியின் நீளம் தீரும், முன்கால் இரண்டும் ஒரே நொடியில் பின்னால் இழுபடும். இயக்குநர் கேட்ட இடத்தில் துல்லியமாக விழும் என்பதால் எல்லாரும் பயன்படுத்தினார்கள். கனட்டும் பயன்படுத்தியவர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. குதிரைக்கு விழப்போவது தெரியாது, அதனால் தன்னைக் காத்துக்கொள்ள அவகாசமே இல்லை. கழுத்தும் தோளும் முதுகும் உடைந்து செத்தன. பிழைத்தவை மறுபடி பாய்ச்சலில் ஓட மறுத்தன.

1939-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்துக்காகக் குதிரையைப் பாறை உச்சியிலிருந்து தண்ணீரில் தள்ளிச் சாகடித்த பிறகு எதிர்ப்பு பெரிதாகி, 1940 முதல் அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன் என்ற விலங்கு நல அமைப்பின் ஆட்கள் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். ஓடுகம்பிக்குத் தடை வந்தது.

அதற்குப் பதிலாக வந்தது பழக்கிய குதிரை. முதலில் நின்ற இடத்தில், ஒரு முன்காலை மடக்கித் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மெதுவாகப் படுக்கப் பழக்குவார்கள். பிறகு நடையில், பிறகு ஓட்டத்தில், கடைசியாகப் பாய்ச்சலில். ஒரே பக்கம்தான் விழும். வலப்பக்கம் பழகிய குதிரையை இடப்பக்கம் இழுக்கக் கூடாது. விழும் இடத்தை ஆழமாக வெட்டிக் கிளறி, மணலும் மரத்தூளும் கலந்து நிரப்பி, மேலே சுற்றியுள்ள மண்ணையே தூவி மறைப்பார்கள். படுக்கை மெத்தென்று இல்லாமல் ஒருமுறை விழுந்து வலித்துவிட்டால் அந்தக் குதிரை அதற்குப் பிறகு விழாது. மாதக்கணக்கான பழக்கம் ஒரு டேக்கில் போய்விடும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் ஒத்திகையில் குதிரையை விழவைப்பதே இல்லை.

கனட் செய்த இரண்டு கருவிகள் இங்கே முக்கியம். ஒன்று எல் வடிவ அங்கவடி. சாதாரண அங்கவடி மூடிய வளையம். ஆள் பக்கவாட்டில் விழும்போது பூட்ஸ் அதற்குள் திரும்பி மாட்டிக்கொள்ளும், குதிரை அவரை இழுத்துக்கொண்டு ஓடும். ரோடியோக்காரர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பூட்ஸை ஒரு அளவு தளர்வாகப் போடுவதும் இதற்காகவே. எல் வடிவத்தில் ஒரு பக்கம் திறந்திருக்கும். பாதம் தங்கப் படி உண்டு, மாட்டிக்கொள்ள வளையம் கிடையாது. இரண்டாவது, வண்டி கவிழும் காட்சிகளுக்கான கம்பி ஏற்பாடு. சரியான இடம் வந்ததும் குதிரைகள் வண்டியிலிருந்து கழன்று நேராக ஓடிவிடும், வண்டி மட்டும் குறித்த இடத்தில் கவிழும். அதுவரை வண்டி கவிழ்ந்தால் குதிரைகளும் அதோடு சேர்ந்து சிக்கிக்கொண்டன.

கூடாரம்

சர்க்கஸ் பக்கத்தை நான் சொல்கிறேன். அங்கே போன கௌபாய்களில் பெரிய பெயர் டாம் மிக்ஸ். மில்லர் சகோதரர்களின் 101 ரான்ச் என்ற கௌபாய் வித்தைக் காட்சியில் இருந்தார், படத்துக்கு வந்தார், மௌனப் படங்களின் உச்ச நட்சத்திரம் ஆனார். 1929 முதல் 1931 வரை செல்ஸ்-ஃப்ளோட்டோ சர்க்கஸில் ஆடினார். பிறகு தன் பெயரிலேயே சர்க்கஸ் நடத்தி 1938-இல் மூட நேர்ந்தது. 1940-இல் அரிசோனாவில் கார் கவிழ்ந்து இறந்தார். டெக்சாஸில் பிறந்தார், போர்களில் சண்டையிட்டார் என்ற பழைய விளம்பரக் கதைகளை நம்ப வேண்டாம். பிறந்தது பென்சில்வேனியா. குதிரை ஓட்டம் மட்டும் நிஜம்.

ரோடியோக்காரருக்கு சர்க்கஸில் முதல் சிக்கல் வட்டம். வளையத்தின் விட்டம் 42 அடி, ஏறக்குறைய 13 மீட்டர். 1768-இல் லண்டனில் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய முன்னாள் குதிரைப்படைக்காரர் ஃபிலிப் ஆஸ்ட்லி வழியாக நிலைத்த அளவு இது. குதிரை சீராக வினாடிக்கு 5 மீட்டர் ஓடினால் ஒரு சுற்றுக்கு 8 வினாடி ஆகும். அந்த வேகத்தில் ஆள் உள்பக்கமாக 20 டிகிரிக்கும் சற்று மேல் சாய்ந்தால்தான் சமநிலை கிடைக்கும். முதுகில் நிற்பவருக்கு இந்தச் சாய்வுதான் துணை. குதிரை ஒரு கணம் வேகம் குறைந்தால் சாய்வு அதிகமாகி உள்ளே விழுவார். கூடினால் வெளியே, பார்வையாளர் பக்கம் விழுவார். ஆகவே சர்க்கஸ் குதிரையின் முதல் தகுதி மாறாத வேகம். முரட்டுக் குதிரை ஏறியவர் எதிர்பாராததற்கு உடம்பைப் பழக்கியவர். இங்கே அந்தப் பழக்கமே தொல்லை. முழங்காலை இறுக்குவார், இறுக்கினால் குதிரை அதைக் கட்டளை என்று நினைத்து வேகத்தை மாற்றும். முதுகில் வழுக்காமல் இருக்கக் குங்கிலியப் பொடி தூவுவார்கள். பழகுகிறவர் இடுப்பில் பெல்ட் கட்டி, மேலே கப்பி வழியாக வரும் கயிற்றைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்வார்.

சேண வித்தைகளில் ஆபத்தானது கோசாக் இழுவை. பெயர் கோசாக் என்றாலும், 1892 முதல் பஃபலோ பில் நடத்திய கௌபாய் காட்சியில் கோசாக் (ரஷ்யக் குதிரைவீரர்) என்று விளம்பரப்படுத்தப்பட்டவர்கள் காக்கேசஸ் பகுதியிலுள்ள ஜார்ஜியாவின் குரியா பகுதிக் குதிரைக்காரர்கள். ஒரு கால் சேண வாரில் மாட்டியிருக்க, ஆள் தலைகீழாகத் தொங்கி, கை மண்ணைத் தொடும். தலைக்கு அருகே பின்னங்குளம்பு. வாரின் நீளத்தை ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக அளக்க வேண்டும். அரை அங்குலம் தளர்ந்தாலும் கணுக்கால் உருவும், மிகவும் இறுகினால் குதிரை இடறும்போது விடுபட முடியாது. தோல் வார் மழையில் நனைந்தால் நீளும். காட்சி தொடங்கும் முன் இழுத்துப் பார்க்காமல் ஏறக் கூடாது.

பழைய சுருள்

1959-இல் வந்த பென்-ஹர் ரதப் போட்டியில் இவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. அப்போது கனட் விழுவதை நிறுத்தியிருந்தார். 1940-இல் பூம் டவுன் படத்தில் கிளார்க் கேபிளுக்கு டூப் போட்டபோது குதிரை மேலே விழுந்து உள்ளுறுப்புகளில் பலத்த அடி. 1943-இல் வண்டியிலிருந்து விழுந்து இரண்டு கணுக்காலும் உடைந்தன. அதன்பிறகு சாகசக் காட்சிகளைத் தனியாக எடுக்கும் இரண்டாம் யூனிட் இயக்கத்துக்கு வந்துவிட்டார். ரதப் போட்டியை ஆண்ட்ரூ மார்ட்டனும் அவரும் சேர்ந்து எடுத்தார்கள்.

18 ரதங்கள் செய்தார்கள், பாதி பயிற்சிக்கு. ஒவ்வொன்றும் 400 கிலோவுக்கு மேல். யூகோஸ்லாவியாவிலும் சிசிலியிலும் வாங்கிய 78 குதிரைகளை கிளென் ராண்டல் பழக்கினார். நான்கு குதிரை பக்கவாட்டில் ஓடுவதால் வளைவில் வெளிக்குதிரை உள்குதிரையைவிட நெடுந்தூரம் ஓட வேண்டும். அதனால் ஒவ்வொரு நான்கிலும் எது வெளியே, எது உள்ளே என்று குணம் பார்த்து நிறுத்த வேண்டும். மாற்றிப் பூட்டினால் வளைவில் ரதம் குறுக்கே சரியும். ரதத்துக்கு அடியில் நசுங்கும் ஆட்கள் எல்லாம் மூட்டு அசையும் பொம்மைகள். அந்தப் போட்டியில் ஸ்டண்ட்காரர் செத்தார் என்று பரவும் கதை பொய்.

பென்-ஹரின் ரதம் உடைந்த ரதத்தின் மேல் தாவும் ஷாட்டில் கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டனுக்கு டூப் போட்டவர் கனட்டின் மகன் ஜோ. ரதம் எகிறியதும் அவர் முன்விளிம்பைத் தாண்டி முன்பக்கம் தூக்கி எறியப்பட்டார். அது திட்டத்தில் இல்லை. கை முன்கட்டையைப் பற்றிக்கொண்டது, குதிரைகளுக்கும் ரதத்துக்கும் நடுவே தொங்கினார். தந்தை இருபது வருடம் முன்பு கையை விட்ட அதே இடம். ஜோ விடவில்லை, ஏனென்றால் ரதத்தின் தரைத்தளம் வண்டியைப் போல உயரத்தில் இல்லை, விட்டால் மேலே ஏறிவிடும். மோவாயில் நான்கு தையல். அந்த ஷாட்டையே வைத்துக்கொண்டு, ஹெஸ்டன் முன்பக்கமிருந்து மறுபடி ரதத்துக்குள் ஏறுவதைக் குளோசப்பில் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். ஒட்டிய இடம் தெரியவேண்டுமென்றால் முன்கட்டையைப் பற்றும் கையைக் கவனியுங்கள்.

சேணம்

நன்றி. அடுத்து எழுதுகிறவர்கள் ரோமன் ஓட்டத்தைப் பற்றி எழுதுங்கள்: இரண்டு குதிரையின் முதுகில் ஒவ்வொரு காலாக நிற்கும்போது ஜோடி விலகினால் எந்தக் காலை முதலில் எடுப்பது, எந்தப் பக்கம் குதிப்பது என்று.